நாம் இல்லாத நேரத்து வார்டு: இன்சார்ஜ் சிஸ்டர் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது எப்படி?

ஒரு வார்டின் நர்ஸ்களுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் ஆனபிறகு நம்மை யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது நாம் ஊசி போடுவதையும் நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் குத்துவதையும் கேஸ் ஷீட் எழுதுவதையும் மூத்த அக்கா ஒருத்தர் கவனித்துக்கொண்டே இருந்தார். இப்போது நாம் ஆட்களை எப்படி நடத்துகிறோம், புதிதாக வந்த பெண்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று கவனிக்க அப்படி ஒருவர் இல்லை. தலைமை நர்ஸான மேட்ரன் ரவுண்ட்ஸ் வந்தால் படுக்கை விரிப்பையும் எமர்ஜென்சி டிராலியையும் பார்ப்பார். அதற்குமேல் பார்க்க அவருக்கும் நேரம் கிடையாது. ஆகவே அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று, நான் செய்துவரும் விதத்தை வைத்து எழுதுகிறேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டைப் பார்த்துக்கொள்கிறேன். சத்தி, நம்பியூர், அந்தியூர், கவுந்தப்பாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிற விவசாயிகள், தறிக்காரர்கள், மில்லுக்குப் போகிற பெண்கள்தான் எங்கள் நோயாளிகள். தாளவாடி, கடம்பூர் மலையிலிருந்தும் வருவார்கள். சர்க்கரை, பிபி, காய்ச்சல் இதெல்லாம் எப்போதும் இருக்கும். கூடவே வயலில் பாம்பு கடித்தவர்களும் பூச்சி மருந்து குடித்தவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். பெரிய ஊர்க் கார்ப்பரேட் மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவு மாதிரி ஏதும் எங்களிடம் இல்லை. இந்த மாதிரி இடத்தில் இருக்கிற இன்சார்ஜ்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே இதைச் சொல்லியிருக்கிறார். நாம் இருக்கும்போது செய்வதெல்லாம் நாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியவில்லை என்றால், அந்த ஒரு குறையே மற்ற நல்ல பராமரிப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பது அவர் எழுதியதன் சாரம். பயிற்சி வகுப்புகளில் தலைமைப் பண்பு பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். எனக்கு இந்த அளவுகோல்தான் உதவுகிறது. இரவு இரண்டு மணிக்கு நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது என் வார்டில் என்ன நடக்கிறது? நைட் டியூட்டியில் இருக்கும் பெண்ணின் கை எப்படி வேலை செய்கிறது? அவள் யாரைக் கூப்பிடுகிறாள், எப்போது கூப்பிடுகிறாள்? கீழே சொல்லப்போவது எல்லாம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுகிற வழிகள்தான்.

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு சாதாரண நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், டியூட்டி முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பத்து நிமிடம் எழுதினால் போதும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எழுத முடியாது, சோறாக்கும் வேலை வந்துவிடும். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எழுதுவேன். நாள் முழுவதும் நடந்ததை எழுத வேண்டாம். நீங்கள் யாரையாவது வழிநடத்திய, யாருக்காவது சொல்லிக்கொடுத்த, யாரையாவது கண்டித்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள், மணி என்ன. ‘அவள் அலட்சியமாக இருந்தாள்’ என்று எழுதாதீர்கள். அது உங்கள் தீர்ப்பு. ‘மூன்று மணி பிபி சார்ட்டில் இல்லை’ என்பதுதான் நடந்தது. இந்த இரண்டையும் பிரித்து எழுதப் பழகுவதற்கே சில மாதம் ஆகும். ஆனால் இது கைவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தீர்ப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், மூன்று மணிக்கு அந்தப் பெண் எந்தப் படுக்கையில் இருந்தாள், அவளை அங்கே அனுப்பியது யார் என்ற கேள்வி தானாக எழும். பல நேரம் அனுப்பியது நாமாகத்தான் இருப்போம்.

கிரஹாம் கிப்ஸ் என்கிற கல்வியாளர் 1988-இல் ஆறு படி கொண்ட ஒரு சுழற்சியைக் கொடுத்தார். நர்சிங் கல்லூரிகளில் இன்றைக்கும் அதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி ஆனது, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்பவைதான் அந்த ஆறு. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக எழுதும்போது பிள்ளைகள் முதல் இரண்டை நீட்டி முழக்கிவிட்டு, ‘இனிமேல் கவனமாக இருப்பேன்’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. நான்காவது படியில், அதாவது ஏன் என்பதில், நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். கடைசிப் படியில் எழுதுவது இன்னொருவர் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ‘பொறுமையாக இருப்பேன்’ என்று எழுதினால் அதை யாரும் பார்க்க முடியாது. ‘நாளைக்கு டியூட்டி மாறும்போது கொடுக்கும் ஹேண்ட் ஓவரில் அவள் முழுதாகச் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேச மாட்டேன்’ என்று எழுதினால், பேசினோமா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

உணர்வைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். நாம் பேசுகிற பேச்சைப் பல நேரம் நம் களைப்பும் பயமும்தான் தீர்மானிக்கின்றன. இரட்டை டியூட்டி பார்த்த நாளில் எழுதியதையும் வார விடுமுறை முடிந்து வந்த நாளில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த நோட்டில் நோயாளியின் பெயர், ஐபி நம்பர், ஊர் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்டாஃப் பெயருக்கும் ஓர் எழுத்து போதும். கேஸ் ஷீட்டைப் போனில் படம் பிடித்துவைத்து வீட்டில் போய்ப் பார்த்து எழுதுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். பிழையோ விபத்தோ நடந்தால் அதற்கான படிவத்தை முறைப்படி எழுதிக் கொடுங்கள். நோட்டில் எழுதிவிட்டோம் என்று அதை விட்டுவிட முடியாது.

பாம்புக்கடி டியூபும் ஒரு பாடமும்

என் நோட்டில் இருக்கிற ஒரு பதிவைச் சொல்கிறேன். ‘மாலை டியூட்டி. பாம்புக்கடி, வலது கணுக்கால், நடுத்தர வயது ஆண். புது ஸ்டாஃப் ரத்தம் எடுத்துக் கண்ணாடி டியூபில் விட்டாள். ஐந்து நிமிஷத்தில் டியூபைச் சாய்த்துப் பார்க்கப் போனாள். ஆட்டாத கண்ணு, இருபது நிமிஷம் அப்படியே இருக்கட்டும் என்றேன். சரிங் சிஸ்டர் என்றாள். வைத்துவிட்டாள்.’ அன்று எழுதியது இவ்வளவுதான். சில பாம்புகளின் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. இருபது நிமிஷம் கழித்து உறைந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனை இது.

அப்புறம் ‘ஏன்’ என்கிற இடத்துக்கு வந்தேன். அவள் ஆட்டாமல் வைத்தது நான் சொன்னதால். நாளைக்கு இரவு நான் இல்லாதபோது ஒரு சொந்தக்காரர் ‘என்னாச்சும்மா, பாத்துச் சொல்லு’ என்று அவசரப்படுத்தினால் அவள் மறுபடி சாய்த்துப் பார்க்கலாம். காரணம் தெரிந்திருந்தால்தான் அப்போது உறுதியாக நிற்பாள். மறுநாள் டீ நேரத்தில், ‘அது எதுக்குக் கண்ணு கண்ணாடி டியூபே வேணும்?’ என்று கேட்டேன். ‘புரொசீஜர்ல அப்படித்தாங் சிஸ்டர் இருக்குது’ என்றாள். அப்போதுதான் உட்காரவைத்துச் சொன்னேன். கண்ணாடியின் பரப்பில் பட்டுத்தான் ரத்தம் உறையத் தொடங்குகிறது. பிளாஸ்டிக் டியூபிலோ, சோப்புப் போட்டுக் கழுவிய டியூபிலோ விட்டால் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம். நாம் விஷம் ஏறிவிட்டது என்று நினைத்து ஏஎஸ்வி என்கிற விஷமுறிவு மருந்தைப் போடுவோம். அந்த மருந்துக்கே கடுமையான அலர்ஜி வரக்கூடும். இடையில் ஆட்டிக் கலைத்தாலும் முடிவை நம்ப முடியாது.

பிறகு அடுத்த கேள்வி: ‘சரி, உறைஞ்சிருச்சு. நிம்மதியா உட்கார்ந்துக்குவியா?’ அவள் யோசித்தாள். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘கண்ணைப் பாக்கோணுங்’ என்றாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நம் நாட்டு ஏஎஸ்வி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கும் வேலை செய்யும். ஆனால் உறைதல் சோதனை பெரும்பாலும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் கடித்தவருக்கு ரத்தம் ஒழுங்காக உறையும். இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சு மெல்ல அடங்கிக்கொண்டு வரும். டியூபை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆளை விட்டுவிடுவோம்.

இதை நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேனா என்பதற்கு ‘புரிஞ்சுதுங்’ என்று அவள் தலையாட்டியது சாட்சி ஆகாது. சில வாரம் கழித்து ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு மாணவியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ‘சோப்புல கழுவுனதை எடுக்காத பாப்பா, நல்ல ரத்தமே உறையாது. அந்த அண்ணனைப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு, பேச்சுக் குழறுதான்னு பாரு.’ பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னது அவளாகவே கண்டுபிடித்த உத்தி. ஏஎஸ்வி பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முன்பே, அலர்ஜி வந்தால் கொடுக்க அட்ரினலின் எடுத்துத் தயாராக வைத்தும் இருந்தாள். இதையும் நோட்டில் எழுதினேன். நல்லது நடந்தால் அதையும் அதே கவனத்தோடு, ஏன் நடந்தது என்று யோசித்து எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் மறுபடி எப்படிச் செய்வது என்று தெரியாமல் போகும்.

கையிலிருந்து பிடுங்குவது

டொனால்ட் ஷான் என்கிற அமெரிக்க அறிஞர் 1983-இல், வேலை முடிந்தபின் யோசிப்பது ஒன்று, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது இன்னொன்று என்று பிரித்துச் சொன்னார். இரண்டாவது கடினம். அதைப் பழக நான் சொல்கிற வழி: ஜூனியரின் கையிலிருந்து எதையாவது வாங்கிச் செய்யப் போகிற அந்த நொடியைக் கவனியுங்கள். நரம்பு கிடைக்கவில்லை, நோயாளியின் மகன் முறைக்கிறார், நமக்குப் பதற்றம். ‘கொடு இப்படி’ என்று கை நீண்டுவிடும். அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, நோயாளிக்கு இப்போது ஆபத்தா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் உடனே வாங்கிச் செய்ய வேண்டியதுதான், அதில் பேச்சே இல்லை. இல்லையென்றால் பக்கத்தில் நின்று, ‘கையைக் கொஞ்சம் தொங்கப்போடச் சொல்லு, அந்தப் பக்கம் தடவிப் பாரு’ என்று வாயால் மட்டும் உதவுங்கள். ஒரு வாரம் எத்தனை முறை கை நீண்டது என்று நோட்டின் ஓரத்தில் கோடு போட்டுவாருங்கள். அடுத்த வாரம் என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

யார் கேட்கிறார்கள், யார் கேட்பதில்லை

நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, உங்கள் ஸ்டாஃப் ஒவ்வொருவரும் உங்களிடம் கடைசியாகக் கேட்ட கேள்வியை எழுதுங்கள். ஞாபகம் வரவில்லை என்றால் கோடு போட்டு விடுங்கள். அந்தக் காலி இடங்கள் நிறையச் சொல்லும். ஒருத்தி பல வாரமாக எதுவுமே கேட்கவில்லை என்றால், எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உங்களைக் கண்டு பயப்படலாம். இல்லை, வேறு யாரிடமோ கேட்டுக்கொள்கிறாள். யாரிடம், ஏன் அவரிடம் என்று பாருங்கள். அந்த இன்னொருவரிடம் நீங்கள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

கேள்விகளை நான் நான்கு வகையாகப் பார்ப்பேன். ‘அது எங்க இருக்குதுங்?’ என்பது பொருளைப் பற்றியது, வந்த முதல் வாரத்துக் கேள்வி. ‘இப்படிப் பண்ணலாமுங்களா?’ என்பது அனுமதி. ‘ஏனுங் சிஸ்டர் இப்படிப் பண்றோம்?’ என்பது காரணம். கடைசி வகை அரிதானது: ‘பிபி, பல்ஸ் எல்லாஞ் சரியாத்தான் இருக்குது, ஆனா அந்த அப்பாருகிட்ட ஏதோ வித்தியாசமாத் தெரியுது, ஒருக்கா வந்து பாருங்க.’ இப்படி வந்து கூப்பிடுகிற பெண்ணுக்கு நோயாளியைப் பார்க்கிற கண் வந்துவிட்டது. நீங்கள் போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையென்றாலும், ‘இதுக்கா கூப்பிட்ட?’ என்ற ஒரு வார்த்தை வரக் கூடாது. வந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டாள். அடுத்த முறை உண்மையாகவே ஏதாவது இருக்கும்.

ஆறு மாதம் ஆகியும் ஒருத்தி அனுமதி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் இதுவரை சொன்ன பதில்களைத் திரும்பிப் பாருங்கள். ‘பண்ணு’, ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவந்தால் அவள் காலம் முழுக்க அனுமதிதான் கேட்பாள். ‘நீ என்ன நினைக்கிற?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். காத்திருப்பதுதான் சிரமம்.

பாட்ரீசியா பென்னர் என்கிற அமெரிக்க நர்சிங் அறிஞர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து நிலையாக எழுதினார்: புதியவர், கொஞ்சம் பழகியவர், திறன் வந்தவர், கைதேர்ந்தவர், வல்லுநர். செஸ் ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் வைத்து ட்ரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாதிரியை அவர் நர்சிங்குக்குக் கொண்டுவந்தார். புதியவளுக்கு விதி வேண்டும்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும். வல்லுநருக்கு அதே விதிப் பட்டியலைத் தினமும் ஒப்பித்தால் அவமானமாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுக்கிறேன் என்பது பெருமைப்படவேண்டிய விஷயம் இல்லை. ஸ்டாஃப் பட்டியலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர் எந்த நிலை, நான் எந்த நிலைக்குத் தகுந்த மாதிரி பேசுகிறேன் என்று எழுதிப் பாருங்கள்.

பென்னர் சொன்னதில் இன்னொன்றும் முக்கியம். ஒரு பிரிவில் வல்லுநராக இருப்பவர் பழக்கமே இல்லாத வேறு பிரிவுக்குப் போனால் அங்கே புதியவர்தான். பிரசவ வார்டில் ரொம்ப வருடம் இருந்த ஒரு அக்கா எங்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்தார். வயிற்றில் கை வைத்தே நிலைமையைச் சொல்லக்கூடியவர். ஆனால் எங்கள் வேலை அவருக்குப் புதிது, வயதில் சின்னப் பெண்களிடம் கேட்கவும் சங்கடம். பிரசவத்துக்குப்பின் வரும் ரத்தப்போக்கை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மதியம் வகுப்பு எடுக்கச் சொன்னேன். அதற்குப்பின் அவர்களும் அக்காவும் கேட்டுக் கேட்டுப் பேசிக்கொண்டார்கள். நீங்களும் பாருங்கள்: வயதில் மூத்த, பணிக்குப் புதிய ஒருவர் உங்கள் வார்டில் கூச்சப்படாமல் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறீர்களா?

நடக்க இருந்து நடக்காத பிழை

ஒரு தலைமையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினும் இருக்கிறது, 100 யூனிட் இன்சுலினும் இருக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் பத்து என்று நினைத்து இருபத்தைந்து யூனிட் போய்விடும். எங்கள் வார்டில் ஒரு நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த 100 யூனிட் இன்சுலின் புட்டியிலிருந்து ஒரு பெண் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துவிட்டாள். போடுவதற்கு முன் லேபிளை மறுபடி பார்த்து நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்து சொன்னாள். முகம் வெளுத்திருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ‘யாரு?’ என்று தொடங்கியதா, ‘எப்படி?’ என்று தொடங்கியதா? அன்று நான், ‘நிறுத்துன பாரு, அது நல்ல வேலை. வா, சிரிஞ்ச் எங்க இருந்துச்சுன்னு பார்க்கலாம்’ என்றேன். போய்ப் பார்த்தால் இரண்டு வகைச் சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடந்தன. அன்றே இரண்டு டிரே ஆக்கினோம். வீட்டிலிருந்து வரும் இன்சுலினை வாங்கும்போதே லேபிளைச் சத்தமாகப் படிப்பது என்றும் வைத்துக்கொண்டோம். அந்தப் பெண்ணையே ஹேண்ட் ஓவரில் எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன், அவள் சம்மதித்த பிறகு.

அதற்கப்புறம் இந்த மாதிரித் தப்பிய பிழைகள் என்னிடம் அதிகமாக வரத் தொடங்கின. அது நல்ல அறிகுறி. மாதக்கணக்காக ஒரு வார்டில் ஒன்றுமே வரவில்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மனிதர்கள் வேலை செய்கிற இடத்தில் பிழையே இல்லாமல் இருக்காது. ஆக, அவை எங்கேயோ மறைக்கப்படுகின்றன. உங்கள் வார்டில் கடைசியாக ஒருத்தி தானாக வந்து சொன்னது எப்போது, எதைப் பற்றி என்று தேதி போட்டு வைத்திருங்கள்.

டியூட்டி லிஸ்ட் சொல்லும்

கடந்த மூன்று மாத டியூட்டி லிஸ்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். யாருக்கு எத்தனை நைட்? கோவைக்கோ பெருந்துறைக்கோ ரெஃபர் ஆகும்போது ஆம்புலன்ஸில் கூடப் போவது யார் யார்? பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்கும் ஊர் மாரியம்மன் நோம்பிக்கும் லீவு கேட்டவர்களில் யாருக்குக் கிடைத்தது? கல்யாணம் ஆகாத பெண்களுக்குத்தான் நோம்பி நாள் டியூட்டி குவியும். ‘உனக்கென்ன, வீட்டுல அம்மா பாத்துக்குவாங்க’ என்போம். சத்தமாகக் கேட்பவர்களுக்குக் கிடைத்துவிடும், வாய் பேசாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நமக்கு நாமே நியாயமானவர் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லிஸ்டில் வராத வேலையையும் எண்ணுங்கள். தாளவாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்களிடம் இருக்கிறாள். கன்னடம் பேசும் மலை நோயாளிகள் வந்தால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவோம். திருப்பூர் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பையன்கள் படுத்தால் இந்தி தெரிந்த இன்னொருத்தி. அவர்களுடைய சொந்தப் படுக்கைகள் அதே எண்ணிக்கையில் இருக்க, இது கூடுதல் சுமை. அந்த நாளில் அவர்களுக்கு ஒரு படுக்கை குறைத்துக் கொடுப்பது இன்சார்ஜ் கையில் இருக்கிறது.

ஹவுஸ்கீப்பிங் அக்காமார்களிடம் உங்கள் பேச்சு எப்படி இருக்கிறது என்றும் கவனியுங்கள். சின்னக் குழந்தையைக்கூட மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர் நம்முடையது. அந்த மரியாதை வார்டில் யாரிடம் வந்ததும் குறைகிறது என்று ஜூனியர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் அப்படியே பேசக் கற்றுக்கொள்வார்கள்.

அவர்களிடமே கேட்பது

‘நான் எப்படிக் கண்ணு நடத்தறேன்?’ என்று கேட்டால், ‘நல்லாத்தானுங் சிஸ்டர்’ என்றுதான் பதில் வரும். வேறென்ன சொல்வார்கள்? சின்னதாக, நேற்று நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். ‘நேத்து நான் பண்ணினதுல உன் வேலையை லேட்டாக்குனது எது?’ ‘எதை நான் தேவையில்லாம ரெண்டு தடவை சொல்றேன்?’ இதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கும் எளிது. பெயர் எழுதாமல் பெட்டியில் போடச் சொல்வது சின்ன வார்டில் சரிவராது. கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்.

வேலையை விட்டுப் போகிறவர்களைத் தவறவிடாதீர்கள். வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போகிற பெண்ணிடம், ரிலீவிங் ஆர்டர் கையில் வாங்கிய பிறகு, ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். தாராபுரம் பக்கம் இன்சார்ஜாக இருக்கும் என் தோழிக்கு அப்படி ஒருத்தி சொன்னது: காலை ரவுண்ட்ஸுக்கு அவர் வரும் சத்தம் கேட்டால் பாதிப் பேர் துணி ரூமுக்குள் போய்விடுவார்களாம். தோழிக்கு ரொம்ப வெசனம். ஆனால் மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டார், வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்தார். இப்போது ரவுண்ட்ஸின் முதல் சில நிமிடம் குறை எதுவும் சொல்லாமல் நோயாளிகளிடம் மட்டும் பேசுகிறார். பிள்ளைகள் தாமாக வந்து கூட நிற்கிறார்கள் என்கிறார்.

யாராவது உண்மையைச் சொன்னால் அந்த இடத்தில் விளக்கம் கொடுக்காதீர்கள். நன்றி சொல்லிவிட்டு, அந்த வாரத்துக்குள் ஒன்றையாவது அவர்கள் கண்முன்னே மாற்றுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அடுத்த முறை ‘நல்லாத்தானுங்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

டாக்டர் முன்னால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டர் நோயாளி முன்னால் ஜூனியரைத் திட்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்து, போனில் நிலைமையைச் சொல்ல அவர்களுக்கு எஸ்பார் (SBAR) முறையைப் பழக்குங்கள்: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் எனக்கு என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. மூன்றாவதைச் சொல்லத்தான் நம் பெண்கள் தயங்குவார்கள். ‘நான் என்ன நினைக்கறதுங், டாக்டர் சொல்வாரு’ என்பார்கள். பக்கத்தில் நில்லுங்கள், போனை மட்டும் வாங்காதீர்கள்.

கூடப் பேச ஒருவர்

நோட்டு மட்டும் இருந்தால் நாம் நமக்கு வசதியான பதிலையே மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருப்போம். வேறு மருத்துவமனையில் இருக்கும் ஒரு இன்சார்ஜைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே மருத்துவமனை என்றால் பேச்சு வெளியே போய்விடும், பதவி உயர்வுப் போட்டியும் நடுவில் வந்துவிடும். தாராபுரத்துத் தோழியும் நானும் மாதக் கடைசியில் போனில் பேசுகிறோம். நாங்கள் வைத்துக்கொண்ட விதி: ஆளுக்கு ஒரு சம்பவம், கேட்கிறவர் ஆலோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். ‘அப்ப அந்தப் பொண்ணு எங்க நின்னா?’, ‘நீங்க எதுக்கு அவசரப்பட்டீங்க?’, ‘அவ இடத்துல நீங்க இருந்தா யாருகிட்டப் போயிருப்பீங்க?’ இந்த மாதிரி. ஆலோசனை சொல்ல ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பேச்சின் முடிவில் அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம், தேதியோடு. இரண்டு எடுத்தால் இரண்டும் நடக்காது. இந்த மாதம் நான் எடுத்துக்கொண்டிருப்பது, நைட் ஸ்டாஃப் காலையில் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது முதல் கேள்வியை நான் கேட்காமல், நர்சிங் டிப்ளமோவான ஜிஎன்எம் முடித்துப் புதிதாக வந்திருக்கும் பெண்ணைக் கேட்கவிடுவது. முதல் வாரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது படுக்கை நம்பரைச் சொல்லி, சிறுநீர் எவ்வளவு போனது என்று கேட்கிறாள். அப்படிப்பட்ட தோழி கிடைக்காவிட்டால், நீங்கள் படித்த கல்லூரியில் இன்னும் வேலையில் இருக்கும் டியூட்டர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அவர்களுக்கும் வார்டில் இன்று என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியிருக்கிறது.